எட்டடி வேனும் ஆறடி ஆளும்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேனின் பின் கதவு அகலத் திறந்திருக்கும். உள்ளே வெள்ளை வெளேரென்று மெத்தை. மெத்தை முடிகிற இடத்தில் இரண்டு பாதங்கள். பாதங்களுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் பனிமலை. பக்கத்தில் ஒரு காப்பிக் கோப்பை, அதிலிருந்து ஆவி. மதியம் மூன்று மணிக்கு, எக்ஸெல் ஷீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து இதைப் பார்க்காத ஆபீஸ் கிடையாது.

படத்தில் இரண்டு விஷயங்கள் மட்டும் தெரியாது. வண்டி எத்தனை நீளம், பாத்ரூம் எங்கே.

"ஸார், லோன் போட்டு ஒரு வேன் வாங்கி உள்ளே வீடு மாதிரி செஞ்சுடலாம்னு இருக்கேன். நீளமா வாங்கறதா, குட்டையா வாங்கறதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல வேலை, சுமாரான சம்பளம், வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. கல்யாணம் ஆகவில்லை (ஆகியிருந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்காது. வேறு இடத்தில் தீர்மானமாகியிருக்கும்).

"குட்டை" என்றேன்.

"நீளமா இருந்தா வசதியில்லையா ஸார்? நிக்கலாம், குளிக்கலாம், ஃப்ரிஜ் வைக்கலாம்..."

"எல்லாம் வைக்கலாம். வெச்சுட்டு அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீங்க?"

தம்பி யோசித்தார். யோசிப்பதற்குள் டீ டைம் முடிந்துவிட்டது. மிச்சம் இங்கே.

* * *

முதலில் வீல் பேஸ் என்றால் என்ன? முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை உள்ள தூரம். வண்டியின் முழு நீளம் வேறு, இது வேறு. முழு நீளம் பார்க்கிங்காரருக்குத் தேவை. வீல் பேஸ் ரோட்டுக்குத் தேவை.

மேஜையில் இரண்டு அழிரப்பரை நிறுத்தி, மேலே ஓர் அடி ஸ்கேலை வையுங்கள். ரப்பர்கள் சக்கரம், ஸ்கேல் வண்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு செக் புத்தகத்தைப் பிரித்துக் கூடாரம் மாதிரி கவிழ்த்தால் ஸ்கேலின் வயிறு தட்டும். இப்போது அதே ரப்பர்களைப் பக்கத்தில் தள்ளி ஆறங்குல ஸ்கேலை வைத்து, அதே கூடாரத்தின் மேல் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சமர்த்தாகத் தாண்டும். மானேஜர் வந்து "என்ன பண்றீங்க?" என்றால் ஜியோமிதி என்று சொல்லிவிடுங்கள். உண்மைதான்.

கணக்காகவே பார்க்கலாம். வண்டியின் வயிறு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீல் பேஸ் 240 செ.மீ. இருந்தால், ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் சேர்த்து சுமார் 19 டிகிரி வருகிற மேட்டை வயிறு உரசாமல் தாண்டலாம். 300 செ.மீ. என்றால் அது 15 ஆகிவிடும். 366 என்றால் பன்னிரண்டரை. 432 என்றால் பத்தரை. எல்லாவற்றுக்கும் அதே டயர், அதே உயரம். நீளத்தைத் தவிர ஒன்றையும் மாற்றவில்லை. (ஒரே இரவில் பஞ்சாயத்தார் போட்டு, பெயிண்ட் அடிக்க மறந்துபோன நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை ஜியோமிதிக்கு அப்பாற்பட்டவை.)

திரும்புவதும் அப்படியே. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் சக்கரம் இத்தனை டிகிரிதான் திரும்பும் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை இரண்டு வண்டிக்கும் ஒன்று என்றால், வீல் பேஸ் ஒன்றரை மடங்கு இருக்கிற வண்டி போடும் வட்டமும் ஒன்றரை மடங்கு. கொல்லிமலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால் எத்தனை ரிவர்ஸ் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்பதையும் சேர்த்து.

ஆக, ஏரிக்கரைக்கு வண்டி போக வேண்டும் என்றால் குட்டை. ஏரிக்கரை படத்தை மாட்டிக்கொண்டு ஹைவே ஓரம் நிற்கப்போகிறீர்கள் என்றால் நீளம்.

* * *

இந்தக் குட்டை வேன் சமாசாரத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஜெர்மனியில், வொல்ஃப்ஸ்பர்க் ஊரில்.

1947. யுத்தம் முடிந்து ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. தொழிற்சாலைக்குள் சாமான்களை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கு, பீட்டில் காரின் அடித்தட்டை வைத்து ஒரு தட்டுவண்டி செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார், முன்னால் பலகை. நம் மீன்பாடி வண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஓட்டுகிறவர் பின்னால், சுமை முன்னால். இதை ஹாலந்திலிருந்து கார் வாங்க வந்த பென் பான் என்ற வியாபாரி பார்த்தார். ஏப்ரல் 23ஆம் தேதி தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெட்டி வரைந்தார். டிரைவர் மூக்கு நுனியில். எஞ்சின் வால் நுனியில். நடுவில் இருப்பதெல்லாம் இடம். குழந்தை வரைந்த ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும் அந்தப் படம். இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது, ரெம்ப்ராண்ட் ஓவியங்கள் இருக்கிற அதே கட்டடத்தில்.

1950 மார்ச்சில் வண்டி உற்பத்தி ஆரம்பம். எஞ்சின் 25 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு 200 சி.ஸி. பைக் இதற்குச் சளைக்காது. வீல் பேஸ் பீட்டிலுக்கு இருந்த அதே 2400 மி.மீ., நம் கணக்கில் எட்டடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. மொத்த நீளம் 4.28 மீட்டர். இன்று அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கிற நடுத்தர ஸெடான் காரைவிடக் குட்டை! ஆனால் மூக்கு இல்லாததால் உள்ளே கிடைத்தது ஒரு சின்ன அறை. குட்டை வேனின் ரகசியமே இதுதான். நீளத்தைக் கூட்டாமல், எஞ்சினையும் டிரைவரையும் ஓரத்துக்குத் தள்ளி இடம் பிடிப்பது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த டெக்னிக் புதிதல்ல.

மறுவருஷமே, 1951ல், வெஸ்ட்ஃபாலியா என்ற வண்டி கட்டும் கம்பெனி இதற்கு ஒரு 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. இங்கேதான் தம்பி கவனிக்க வேண்டும். அது வண்டியோடு ஒட்டிப் பிறந்த வீடு அல்ல. ஏற்றி இறக்கக்கூடிய சாமான் செட். பெட்டி, பெஞ்சு, மெத்தை, அடுப்பு வைக்க இடம், துணிக்கு அலமாரி. திங்கள் முதல் வெள்ளி வரை அதே வேனில் பெயிண்ட் டப்பாவோ ரொட்டியோ ஏற்றி வியாபாரம். சனிக்கிழமை பாக்ஸை ஏற்றினால் வீடு. ஞாயிறு ராத்திரி இறக்கிவைத்துவிட்டு மறுபடி வியாபாரம். யுத்தத்தில் நொடிந்து மறுபடி எழுந்துகொண்டிருந்த ஒரு தேசத்தில், லீவுக்கு மட்டும் ஒரு வண்டி, வேலைக்கு இன்னொன்று என்று வாங்க யாரிடமும் காசில்லை. ஒரே வண்டி இரண்டு வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. மாதம் முதல் தேதி சம்பளம், பத்தாம் தேதி இ.எம்.ஐ. என்று வாழ்கிறவர்களுக்கு இந்தச் சூழ்நிலை லேசாகப் பரிச்சயமாகத் தோன்றலாம்.

பின்னால் இதே வேன்கள்தான் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் காட்மாண்டுவுக்கும் தாடி வைத்த இளைஞர்களை ஏற்றிக்கொண்டு வந்தவை. 1979ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் டாங்கி. ரூட் மூடிக்கொண்டது. வேன் பழுதாகி நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

இன்னொரு ஆசாமியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குஸ்தவ் மாயர். ஃபோக்ஸ்வாகனில் வேன் டிசைன் பிரிவுக்குத் தலைவர். லீவு கிடைத்தால் மனிதர் சஹாரா பாலைவனத்துக்குப் போய்விடுவார், தன் கம்பெனி வேனிலேயே. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி மணலில் எங்கே சிக்கும் என்பதைச் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டு, எழுபதுகளில் ஹென்னிங் டுக்ஸ்டைன் என்ற சக எஞ்சினியரோடு சேர்ந்து நான்கு சக்கரமும் இழுக்கிற வேன்களைச் செய்து பார்த்தார். டெஸ்ட் டிரைவும் சஹாராவில்தான். கம்பெனி அந்த மாடலை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் விதை வீணாகவில்லை. 1985ல் 'ஸிங்க்ரோ' என்ற பெயரில், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து ஸ்டையர் டைம்லர் புக் கம்பெனியோடு சேர்ந்து ஃபோர் வீல் டிரைவ் வேன் வந்தது. அதன் வீல் பேஸ் 2460 மி.மீ. முதல் வண்டியைவிட ஆறு சென்டிமீட்டர்தான் அதிகம். முப்பத்தைந்து வருஷத்தில் எங்கள் பேட்டை சலூன்காரருக்கு வயிறு இதைவிட அதிகம் வளர்ந்திருக்கிறது.

ஸிங்க்ரோவில் முன் சக்கரத்துக்குச் சக்தி போகிற விதம் அழகு. ஒரு டப்பாவுக்குள் வரிசையாகத் தட்டுகள், அவற்றுக்கிடையே கெட்டியான ஸிலிகான் திரவம். எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்போது தட்டுகள் சும்மா கூடவே சுற்றும். பின் சக்கரம் சேற்றில் வழுக்கி வேகமாகச் சுற்ற ஆரம்பித்ததும் திரவம் கலங்கி, சூடேறி, இறுகி, முன் சக்கரத்தையும் இழுக்க ஆரம்பிக்கும். லீவர் இல்லை, பட்டன் இல்லை. 1992ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் வேனில் ஊர் சுற்றுகிறவர்கள் கூட்டத்தில் ஸிங்க்ரோ என்று சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும்.

* * *

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இன்று வேன் வீட்டுக்காரர்கள் அதிகம் விரும்புவதில் ஒன்று மெர்ஸிடிஸ் ஸ்பிரிண்டர். இரண்டு சைஸ். 144 அங்குல வீல் பேஸ், 170 அங்குல வீல் பேஸ். மேலே கணக்கில் சொன்ன 366ம் 432ம் இவைதான். 144 வைத்திருப்பவர் தன்னுடையதைக் "குட்டை" என்கிறார். அந்தக் குட்டையின் மொத்த நீளம் 5.93 மீட்டர்! நம் தெருவில் அது திரும்புவதற்குள் நாலு பேர் இறங்கி "வரட்டும், வரட்டும்" சொல்ல வேண்டும். ஆனால் அங்கேயும் வாக்குவாதம் இதேதான். 170காரர் ஷவர் வைத்துக்கொள்கிறார். 144காரர் காட்டு ரோட்டில் போய்விட்டு வந்து அவருடைய ஷவரில் குளிக்கிறார்.

ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே செய்து விற்ற கலிஃபோர்னியா வேனுக்கு, 2024 வரை ஓடிய மாடலில், 3 மீட்டர் வீல் பேஸ். நீளம் 4.9 மீட்டர். உயரம் என்ன தெரியுமா? 1.99 மீட்டர். ஏன் 2.05 இல்லை? அந்த ஊரில் பல பேஸ்மென்ட் பார்க்கிங்குகளில் இரண்டு மீட்டரில் குறுக்குக் கம்பி. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளே நுழைந்துவிடும். ராத்திரி கூரையைத் தூக்கினால் மேலே ஒரு படுக்கை. திங்கட்கிழமை கூரையை இறக்கிவிட்டு ஆபீஸுக்கு அதே வண்டி. 1951 கேம்பிங் பாக்ஸின் பேரன்.

ஜப்பான்காரர்கள் இன்னும் கஞ்சம். அங்கே 'கெய்' என்று ஒரு ஜாதி வண்டி உண்டு. நீளம் 3.40 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2.00, எஞ்சின் 660 சி.ஸி. இதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் போனாலும் வரிச் சலுகை போச்சு. இதற்குள்ளே மெத்தை, மேஜை, அடுப்பு எல்லாம் பொருத்தி, ரிடையரான தம்பதிகள் ஊர் ஊராகப் போகிறார்கள். ரோட்டோரத்தில் 'மிச்சி நோ எக்கி' என்று நிலையங்கள், 1993ல் ஆரம்பித்து இப்போது 1200க்கு மேல். சுத்தமான கழிப்பறை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். ஆக, ஆரம்பத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஜப்பான் அரசாங்கமே பதில் கட்டிவைத்திருக்கிறது. (களைப்பாற மட்டும், குடித்தனம் நடத்த அல்ல என்பது விதி.)

இந்தக் கெய் ஜாதியில் ஒரு வண்டி நமக்கு நன்றாகத் தெரியும். ஸுஸுகி கேரி. அதை 796 சி.ஸி. எஞ்சினோடு 1984ல் இங்கே கொண்டுவந்து மாருதி வேன் என்றார்கள். பிறகு ஆம்னி. வீல் பேஸ் 1840 மி.மீ. 2019ல் நிற்கிற வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆம்புலன்ஸ், பால் பாக்கெட் என்று அது சுமக்காதது இல்லை. சினிமாவில் ஹீரோயினைக் கடத்துவதும் அதில்தான். அதன் தம்பி ஈக்கோவின் வீல் பேஸ் 2350 மி.மீ. பென் பான் வரைந்த பெட்டிக்கும் இதற்கும் ஐந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஜெர்மனியைத் தேடிப் போக வேண்டாம் தம்பி, தெருமுனையில் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் ஓட்டிக்கொண்டு போகிறார் பாருங்கள்.

* * *

குட்டை வண்டியில் கஷ்டம் இல்லையா? நிறைய இருக்கிறது.

முதலாவது, மூக்கில்லாத வண்டியில் டிரைவருக்கு முன்னால் தகடு மட்டும்தான். மோதினால் முதலில் முழங்கால். பிரேஸிலில் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் 2013 கடைசி வரை தயாரானது. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம் என்றதும் நிறுத்திவிட்டார்கள். ஆம்னி நின்றதற்கும் புதிய பாதுகாப்பு விதிகள் ஒரு காரணம். பழைய ஆம்னி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஹைவேயில் நூறில் விரட்ட நினைக்கிறவர்கள் தங்கள் முழங்காலை ஒரு தடவை அன்போடு தடவிப் பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது, எடை. இங்கேதான் ஆசாரியும் யூட்யூபும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கிறார்கள். ஐந்து பேர் உட்காருகிற வண்டி என்றால் அது சுமப்பதும் அவ்வளவுதான். ஆளுக்கு 70 கிலோ, ஐந்து பேர் 350, மூட்டை முடிச்சு 50. மொத்தம் 400. இப்போது வீட்டை ஏற்றுங்கள். எட்டுக்கு நாலு, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் சுமார் 32 கிலோ. மூன்று ஷீட், 96. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற பெரிய பாட்டரி 55. தண்ணீர் 40 லிட்டர், 40 கிலோ. மெத்தை 15. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் 20. குட்டி ஃப்ரிஜ் 15. துணி, செருப்பு, படிக்கப்போவதாக எடுத்துக்கொண்டு படிக்காமலே திரும்பிவரும் புத்தகங்கள் 30. நீங்களும் நண்பரும் 140. கூட்டினால் 411. ஒரு மச்சான் வருவதாக இருந்தால் அவர் பின்னாலேயே பஸ்ஸில் வர வேண்டும்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். பின் கதவில் ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாம் தொங்கவிடுகிறார்கள், பார்க்க ஜோராக இருக்கிறது என்று. 60 கிலோவைப் பின் சக்கரத்துக்கு 60 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால், 240 செ.மீ. வீல் பேஸில் முன் சக்கரங்களிலிருந்து 15 கிலோ தூக்கப்படும். சீசா பலகை. அந்த முன் சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது. நீள வண்டியில் இது கொஞ்சம் குறைவு, குட்டையில் அதிகம். அதனால் தண்ணீர், பாட்டரி இரண்டையும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரையோடு தரையாக வையுங்கள். மேலே கேரியரில் இட்லிப் பானைகூட வேண்டாம்.

மூன்றாவது, கரண்ட். "ஏ.ஸி. போட்டுக்கலாமா ஸார்?" ம்ஹூம். 12 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பாட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1280 வாட் அவர். ஒரு டன் ஏ.ஸி. அதை ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டு "அப்புறம்?" என்று பார்க்கும். அதே பாட்டரி ஒரு சின்ன ஃபேனை ராத்திரி முழுக்க ஓட்டி, சின்ன ஃப்ரிஜ்ஜை ஒரு நாள் காப்பாற்றி, நாலு போனுக்கும் சோறு போட்டுவிடும். குட்டை வண்டியின் கூரையில் பெரிய ஸோலார் பேனலுக்கு இடமும் இல்லை. ஆகவே ஏ.ஸி.க்குப் பதில் உயரத்துக்குப் போங்கள். அதற்குத்தானே குட்டை வண்டி வாங்கினீர்கள்.

நான்காவதில் விளையாட்டு இல்லை. இரண்டு பேர் மூடிய வேனில் தூங்கினால் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் தண்ணீர் வெளியாகும். காலையில் தகடெல்லாம் சொட்டும். அது வெறும் ஈரம், துடைத்துவிடலாம். ஆனால் குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ எரிய விட்டால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைப்போல் 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அவ்வளவுதான். காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் நிறையும். எஞ்சினை ஓடவிட்டு ஏ.ஸி.யில் தூங்குவதும் இதே கணக்கில் சேர்த்தி. சமையல் கதவுக்கு வெளியே. இரண்டு கண்ணாடி இரண்டு விரல்கடை திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. மெத்தை உறைக்குப் பூப்போட்டதா கோடு போட்டதா என்று தேடுவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

* * *

ஐந்தாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவு. ஆர்.ஸி.யில் உள்ள விவரமும் வண்டியும் வேறு வேறாகிப்போகிற மாதிரி சொந்தக்காரர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்திருக்கிறது. ஆர்.ஸி.யில் சீட் எத்தனை என்று இருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டு அங்கே கிச்சன் கட்டினால், செக்போஸ்ட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் கஷ்டம். கூரையை வெட்டினால் அதைவிடக் கஷ்டம். அதைவிடவும் பெரிய கஷ்டம், ஏதாவது மோதி க்ளெய்முக்குப் போகும்போது: சொல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள் என்று இன்ஷூரன்ஸ்காரர் கையில் நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். தொழிற்சாலையிலேயே கேரவன் என்று சான்று வாங்கி வருகிற வண்டிகள் வேறு. அவற்றின் விலையும் வேறு.

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா ஸார்?"

முடியும். ஜெர்மன்காரன் 1951ல் பண்ணினதைப் பண்ணலாம். வீடு கட்டாதீர்கள், பெட்டி செய்யுங்கள். சீட் உயரத்துக்கு இரண்டு மூன்று பெட்டிகள். 18 மி.மீ. வேண்டாம், 12 போதும், ஷீட்டுக்குப் பத்து கிலோ மிச்சம். பெட்டிகளுக்கு மேலே மூன்று துண்டாக மடிகிற பலகை, அதன் மேல் மடிகிற மெத்தை. பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், பிரேக் போட்டால் பெட்டி உங்கள் பிடரியில் வந்து உட்காராதபடி. சனிக்கிழமை ஏற்றம், ஞாயிறு இறக்கம். வண்டியில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை என்பது யார் கேட்டாலும் சொல்ல வசதியான வாக்கியம். எதற்கும் செய்யப்போவதை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். பிறகு வண்டியை விற்க வேண்டி வந்தால் அது வேனாகவே விலைபோகும். இன்னொருவருடைய கனவைச் செகண்ட் ஹாண்டில் வாங்க ஆள் கிடைப்பது சிரமம்.

இப்படிச் செய்தால் தினமும் ராத்திரி படுக்கை போட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். ஒருவர் சட்டை மாட்டும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் உயிர் நண்பனின் சுயரூபம் தெரியும். மாசக்கணக்கில் வண்டியிலேயே குடியிருக்கப்போகிறேன், உள்ளேயே ஆபீஸ் வேலை பார்ப்பேன் என்கிறவர்களுக்குக் குட்டை வண்டி சரிப்படாது. அவர்கள் நீளமாகவே வாங்கட்டும், ரோடு அகலமான ஊராகப் பார்த்துப் போகட்டும். தம்பிக்குக் கிடைப்பது மாசத்தில் இரண்டு சனி ஞாயிறு, வருஷத்தில் ஒரு பத்து நாள். மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாளும் அது நிற்கப்போவது அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில். செயலாளர் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டுவைத்திருக்கும் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே டயர் போனால் வாட்ஸ்அப் க்ரூப்பில் படம் வரும்.

லோன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காரியம். யாராவது நண்பரின் வேனில் முன் சீட்டு முதுகிலிருந்து பின் கதவு வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். வீட்டு ஹாலில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போடுங்கள். வெள்ளி சாயங்காலம் நண்பரோடு உள்ளே போய்விடுங்கள். சாப்பாடு, தூக்கம், துணி மாற்றுவது, சண்டை எல்லாம் கட்டத்துக்குள். கழிப்பறை போக வேண்டுமென்றால் செருப்பு மாட்டி, டார்ச் எடுத்துக்கொண்டு, நாலு மாடி இறங்கி ஏறி வந்த பிறகுதான். ஃபேன் ஒன்று மட்டும் அனுமதி. ஞாயிறு மதியம் வரை கோட்டைத் தாண்டாமல் இருவரும் பேச்சுவார்த்தையில் இருந்தால் வண்டி பார்க்கப் போகலாம்.

மழை எஃபெக்ட் வேண்டுமென்றால் பக்கத்து ஃப்ளாட் பையனிடம் ஒரு வாளி தண்ணீரும் இருபது ரூபாயும் கொடுத்தால் போதும். சந்தோஷமாகச் செய்வான்.